மடிக்கணினியில் சிறப்புக் குறிகளைத் தட்டச்சு செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசைப்பலகையில் இல்லாத ஒரு குறி வேண்டுமென்றால் பெரும்பாலோர் இணையத்தில் தேடி, கிடைத்த இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிவிடுகிறார்கள். எப்போதோ ஒரு தடவைக்கு அது போதும். நாள் முழுவதும் தட்டச்சு செய்கிறவருக்கு அது கட்டுப்படியாகாது. ஒட்டும்போது வேறொரு பக்கத்தின் எழுத்துருவும் அளவும் நிறமும் கூடவே வந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் தவறான குறி வந்து உட்கார்ந்துவிடுவது. சரியான குறியை நேரடியாகத் தட்டச்சு செய்யும் வழிகள் எல்லாக் கணினிகளிலும் இருக்கின்றன. விண்டோஸ் பயன்படுத்துவோரின் கேள்விகளே அதிகம் என்பதால் அதற்கே இங்கு அதிக இடம். மேக், லினக்ஸ் பற்றியும் வேண்டியது இருக்கிறது.

விசைப்பலகையில் ஏன் எல்லாக் குறிகளும் இல்லை?

இன்றைய விசைப்பலகையில் நாம் காணும் @, #, &, *, { போன்ற குறிகள் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் கொடுக்கும், 1963-இல் வெளியான ஆஸ்கி தரத்தின் வழியில் வந்தவை. அதில் மொத்தம் 128 இடங்கள்தான். இன்றைய ஆஸ்கியில் இடைவெளியையும் சேர்த்து அச்சில் வரக்கூடியவை 95. அவற்றை ஷிஃப்ட் விசையின் துணையோடு ஒரு பலகையில் அடக்கிவிடலாம்.

1991-இல் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான தரமாக யூனிகோடு வந்த பிறகு கதை மாறிவிட்டது. 2024-இல் வெளியான அதன் 16-ஆம் பதிப்பில் 1,54,998 எழுத்துகளும் குறிகளும் இருக்கின்றன. இத்தனைக்கும் விசை வைக்க முடியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. கீழே சொல்லப்படும் வழிகள் யாவும் அந்த எண்ணைக் கணினிக்குத் தெரிவிக்கும் வெவ்வேறு முறைகளே.

எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாமல் குறிகளை இட வழி உண்டா?

உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டுங்கள். எமோஜிப் பலகை திறக்கும். பலரும் சிரிக்கும் முகங்களைப் பார்த்தவுடன் மூடிவிடுகிறார்கள். அதன் மேற்பகுதியில் குறிகளுக்கென்று ஒரு தனித் தாவல் இருக்கிறது. நிறுத்தற்குறிகள், நாணயங்கள், கணிதம், அம்புகள் என்று அங்கே வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். அண்மையில் பயன்படுத்தியவை முதலில் வரும்.

மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், இடைவெளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இதே போன்ற பலகை வரும். வாரத்துக்கு ஓரிரு முறை மட்டும் குறி தேவைப்படுகிறவர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

ஆல்ட் விசையோடு எண்களை அடிக்கும் முறை என்ன?

ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, விசைப்பலகையின் வலப்புறம் உள்ள எண் பகுதியில் ஓர் எண்ணை அடித்துவிட்டு, ஆல்ட் விசையிலிருந்து விரலை எடுக்க வேண்டும். எடுத்த நொடியில் குறி தோன்றும். அதிகம் தேவைப்படுபவை இவை:

° 0176
© 0169
® 0174
™ 0153
± 0177
× 0215
÷ 0247
¼ 0188, ½ 0189, ¾ 0190
² 0178, ³ 0179
£ 0163
€ 0128

முன்னால் வரும் 0-வை விட்டுவிடக் கூடாது. கணினிக்குள் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. ஒன்று, 1981-இல் வந்த ஐபிஎம் பிசி காலத்தது. மற்றொன்று விண்டோஸ் பிற்பாடு கொண்டுவந்தது. 0 இல்லாமல் அடித்தால் பழைய அட்டவணையிலிருந்தும், 0 வைத்து அடித்தால் புதியதிலிருந்தும் குறி எடுக்கப்படும். 171 என்று அடித்துப் பாருங்கள், ½ வரும். 0171 என்று அடித்தால் « வரும். ஒரே எண்ணுக்கு ஒருவர் ஒன்றும் மற்றவர் வேறொன்றும் சொல்லிக் குழப்பிக்கொள்வதற்கு இதுதான் காரணம். பழைய அட்டவணை நாட்டுக்கு நாடு சற்று மாறும் என்பதால், 0 வைத்த எண்களையே பழகிக்கொள்வது நல்லது.

என் மடிக்கணினியில் அந்த முறை வேலை செய்யவே இல்லையே?

மேல்வரிசை எண்களை அடித்திருப்பீர்கள். எழுத்துகளுக்கு மேலே உள்ள அந்த எண்கள் இந்த முறைக்கு உதவா. வலப்புற எண் பகுதி மட்டுமே உதவும். சிறிய மடிக்கணினிகளில் அந்தப் பகுதியே இருக்காது.

சில மடிக்கணினிகளில் எழுத்து விசைகளுக்குள்ளேயே எண் பகுதி ஒளிந்திருக்கும். 7, 8, 9 அப்படியே இருக்க, அவற்றுக்குக் கீழே உள்ள யூ, ஐ, ஓ விசைகள் 4, 5, 6 ஆகவும், ஜே, கே, எல் விசைகள் 1, 2, 3 ஆகவும், எம் விசை 0 ஆகவும் செயல்படும். விசைகளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அந்த எண்கள் அச்சிடப்பட்டிருந்தால் உங்கள் கணினியில் அது இருக்கிறது என்று பொருள். எஃப்என் விசையுடன் நம்லாக் விசையை அழுத்தி அதை இயக்கலாம். வேலை முடிந்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

புதிய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் இந்த வசதியையும் எடுத்துவிட்டார்கள். அப்படியானால் யூஎஸ்பி வழியாக இணைக்கும் தனி எண் பலகை ஒன்றை வாங்கலாம், அல்லது இந்த முறையையே விட்டுவிடலாம். கீழே வரும் வேர்டு வழியும் விசைப்பலகை அமைப்பு வழியும் இதைவிட வசதியானவை.

எழுத்துகளை அடித்தால் திடீரென்று எண்கள் விழுகின்றன. கணினி பழுதாகிவிட்டதா?

இல்லை. மேலே சொன்ன ஒளிந்திருக்கும் எண் பகுதி தவறுதலாக இயக்கத்துக்கு வந்திருக்கிறது. எஃப்என் விசையுடன் நம்லாக் விசையை மறுபடி ஒரு முறை அழுத்துங்கள்.

ரூபாய்க் குறிக்கு 8377 என்று படித்தேன். அடித்தால் ╣ என்று கட்டம் போடும் கோடு வருகிறது. ஏன்?

படித்தது சரிதான். ₹ குறியின் யூனிகோடு எண் 8377. வேர்டு அந்த எண்ணை முழுதாக ஏற்றுக்கொள்ளும். வேறு பல மென்பொருள்களில் இந்த முறை பழைய 256 இடங்கள் கொண்ட அட்டவணையைத் தாண்டாது. 8377-ஐ 256-ஆல் வகுத்தால் மீதி 185. பழைய அட்டவணையில் 185-ஆம் இடத்தில் இருப்பதுதான் அந்த ╣.

எண்ணே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று, 'இங்கிலீஷ் (இந்தியா)' விசைப்பலகையைச் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். பிறகு வலப்புற ஆல்ட் விசையுடன் 4 அழுத்தினால் ₹ வந்துவிடும். கண்ட்ரோல், ஆல்ட், 4 மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வரும். இது எல்லா மென்பொருள்களிலும் வேலை செய்யும், எண் பகுதியும் தேவையில்லை. யூரோ அதிகம் தேவைப்படுகிறவருக்கு பிரிட்டன் அமைப்பு பொருந்தும். அதில் வலப்புற ஆல்ட்டும் 4-உம் € தரும்.

வேர்டில் எல்லாக் குறிகளுக்கும் பொதுவான வழி ஏதும் உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், மடிக்கணினிக்கென்றே செய்தது போல இருக்கும். குறியின் யூனிகோடு எண்ணைப் பதினாறடிமான வடிவில் (0 முதல் 9 வரையிலான இலக்கங்களோடு A முதல் F வரையிலான எழுத்துகளையும் கொண்டு எழுதும் முறை) மேல்வரிசை எண்களைக் கொண்டே அடித்துவிட்டு, ஆல்ட் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்த வேண்டும். எண் மறைந்து குறி நிற்கும். 2122 என்றால் ™, 2192 என்றால் →, 2190 என்றால் ←, 2713 என்றால் ✓, 2260 என்றால் ≠, 2264 என்றால் ≤, 2265 என்றால் ≥, 2248 என்றால் ≈.

குறிக்கு முன்னால் ஒட்டியபடி வேறு எண் இருந்தால் சிக்கல் வரும். 10 என்று எழுதி அதை ஒட்டியே 2122 அடித்தால், வேர்டு எல்லாவற்றையும் ஒரே எண்ணாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். அப்போது 2122-ஐ மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு ஆல்ட், எக்ஸ் அழுத்துங்கள்.

இதன் அருமை தலைகீழாகவும் வேலை செய்வதில்தான் இருக்கிறது. யாரோ அனுப்பிய ஆவணத்தில் புரியாத குறி ஒன்று இருக்கிறதா? கர்சரை அதன் வலப்பக்கம் வைத்து அதே விசைகளை அழுத்துங்கள். குறி மறைந்து அதன் எண் வரும். எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி அழுத்தினால் குறி திரும்பிவிடும்.

வேர்டு தானாகவே மாற்றித் தரும் குறிகள் எவை?

அடைப்புக்குறிக்குள் ஆங்கில 'சி' அடித்தால் ©, 'ஆர்' அடித்தால் ®, 'டிஎம்' அடித்தால் ™ ஆகிவிடும். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு சி, ஆர், டி விசைகளை அழுத்தினாலும் அதே மூன்று குறிகள் முறையே கிடைக்கும். மாற்றம் வேண்டாமென்றால் உடனே கண்ட்ரோலுடன் இசட் அழுத்துங்கள், நீங்கள் அடித்தது அப்படியே திரும்பும்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேர்டு நேரான மேற்கோள் குறிகளை “ ” என்று வளைத்துவிடும். கட்டுரைக்கு அது அழகு. நிரலில் வைத்து ஒட்டினால் பிழைதான் மிஞ்சும். நிரலை எளிய உரைத்தொகுப்பியில்தான் எழுத வேண்டும்.

ஷிஃப்ட்டும் 2-உம் அழுத்தினால் @ வராமல் " வருகிறது. விசையில் @ என்றுதானே அச்சிட்டிருக்கிறது?

விசையின் மேல் அச்சிட்டிருப்பது கணினிக்குத் தெரியாது. எந்த விசை அழுத்தப்பட்டது என்பது மட்டுமே அதற்குப் போய்ச் சேரும். அதற்கு என்ன குறி என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் விசைப்பலகை அமைப்பு. அமெரிக்க அமைப்பில் ஷிஃப்ட்டும் 2-உம் @ தரும். பிரிட்டன் அமைப்பில் " தரும், @ குறியோ என்டர் விசைக்கு அருகில் உள்ள மேற்கோள் விசைக்குப் போய்விடும். # அடித்தால் £ வருவதும் இதே காரணத்தால்தான்.

விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். பலருக்கு இந்தச் சிக்கல் தொடங்குவதே அதைத் தெரியாமல் அழுத்துவதால்தான். பயன்படுத்தாத அமைப்பை மொழி அமைப்புகளிலிருந்து நீக்கிவிட்டால் மீண்டும் வராது.

மேற்கோள் குறியை அடித்தால் உடனே வருவதில்லை. அடுத்த எழுத்தை அடித்த பிறகே வருகிறது. ஏன்?

'யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பு தேர்வாகியிருக்கிறது. பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் எழுத்தின் தலையில் இடும் குறிகளுக்காக அது மேற்கோள் விசையைக் காத்திருக்க வைக்கிறது. அந்த மொழிகளை எழுதுகிறவருக்கு இது வரம். எழுதாதவர் சாதாரண அமெரிக்க அமைப்புக்கு மாறிவிடலாம். மாற விருப்பமில்லையென்றால், மேற்கோள் விசைக்குப் பின் ஒருமுறை இடைவெளி விசையைத் தட்டினால் குறி வந்துவிடும்.

பார்க்க ஒரே மாதிரி இருந்தால் எந்தக் குறியைப் போட்டால் என்ன?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். வெப்பநிலையை எழுதும்போது 37° என்று வர வேண்டும். அந்தப் பாகைக் குறிக்குப் பதிலாக, மேலே ஏற்றிய ஆங்கில 'ஓ'வையோ, சுழியத்தையோ போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். திரையில் வேறுபாடு தெரியாது. அந்த வரியை வேறோர் இடத்தில் ஒட்டும்போது மேலேற்றம் போய்விட்டால், சுழியம் கீழே இறங்கி 37 என்பது 370 ஆகிவிடும். மருந்துக் குறிப்பிலோ ஆய்வக அறிக்கையிலோ இது நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மீ² என்பதில் உள்ள 2-க்கும் இதே ஆபத்து உண்டு. ² என்பதற்குத் தனிக் குறியே இருக்கும்போது அதையே போடுவதுதான் பாதுகாப்பு.

பெருக்கல் குறி × வேறு, ஆங்கில எக்ஸ் வேறு. கணினி உருவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும் அப்படித்தான். சரியான குறி இருந்தால் அதன் பெயரைச் சொல்லும், எக்ஸ் இருந்தால் எக்ஸ் என்றுதான் வாசிக்கும். ஆவணத்துக்குள் தேடும்போதும் இதே கதை. × என்று தேடினால் எக்ஸ் போட்ட இடங்கள் கிடைக்காது.

நீளமான கோடு, குட்டைக் கோடு, கழித்தல் குறி எல்லாம் ஒன்றுதானே?

அல்ல. விசைப்பலகையில் இருப்பது சிறுகோடு. 10–15 என்று எல்லை காட்டுவதற்கு நடுத்தரக் கோடு (ஆல்ட், 0150). வாக்கியத்தை இடைவெட்டுவதற்கு நீண்ட கோடு (ஆல்ட், 0151). வேர்டில் இரண்டு சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல் இரண்டு சிறுகோடுகளை அடித்தால் நீண்ட கோடாக அதுவே மாற்றிக்கொள்ளும். கணிதத்துக்கென்று உண்மையான கழித்தல் குறி ஒன்று தனியாக உண்டு, அதன் பதினாறடிமான எண் 2212. அச்சுக்குப் போகும் பாடநூலில் அதைப் போடலாம். விரிதாளிலும் நிரலிலும் விசைப்பலகையின் சாதாரணச் சிறுகோட்டையே போட வேண்டும்.

மேக் மடிக்கணினியில் எப்படி?

மேக்கில் ஆப்ஷன் விசை இருக்கும்போது எண்களே தேவையில்லை. அமெரிக்க அமைப்பில் ஆப்ஷனுடன் ஜி ©, ஆர் ®, 2 ™, 3 £, 8 •, வி √, பி π, 5 ∞, சமக்குறி ≠, சாய்கோடு ÷ தரும். ஷிஃப்ட்டையும் சேர்த்துக்கொண்டால் 8 விசை °, 2 விசை €, சமக்குறி ± தரும். கோடுகளுக்கும் அப்படித்தான்: ஆப்ஷனும் சிறுகோடும் –, ஷிஃப்ட்டும் சேர்ந்தால் —. தலைக்குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகளுக்கு அந்த எழுத்து விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் தெரிவுகள் மேலே வரிசையாக நிற்கும்.

லினக்ஸில்?

கண்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் அழுத்திவிட்டு, பதினாறடிமான எண்ணை அடித்து, என்டர் தட்டுங்கள். பெரும்பாலான லினக்ஸ் மேசைச் சூழல்களில் இது வேலை செய்யும். குரோம்புக்கிலும் இதே வழிதான்.

இதைவிட இனிமையானது கம்போஸ் விசை. விசைப்பலகை அமைப்புகளில் வலப்புற ஆல்ட் போன்ற ஒரு விசையைக் கம்போஸ் என்று ஒதுக்கிவிட்டால், குறியின் உருவத்தைக் கொண்டே அதை அடிக்கலாம். கம்போஸ், பின் 1, பின் 2 என்றால் ½. கம்போஸ், பின் +, பின் - என்றால் ±. ஆங்கில 'ஓ'வை இரண்டு முறை தட்டினால் °, 'ஓ'வும் 'சி'யும் தட்டினால் ©. எண் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தமிழுக்கே உரிய குறிகளை அடிக்க முடியுமா?

முடியும். பழைய ஆவணங்களிலும் கணக்குகளிலும் நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவு ஆகியவற்றுக்கு வழங்கிய ௳, ௴, ௵, ௶, ௷ குறிகளும், மேற்படி என்பதற்கான ௸, ரூபாய்க்கான ௹, எண் என்பதற்கான ௺ ஆகியவையும் 2003-இல் யூனிகோடில் இடம்பெற்றன. ௧, ௨, ௩ முதலிய தமிழ் எண்கள் அதற்கு முன்பே இருந்தன. பின்னக் குறிகள் 2019-இல் தனித் தொகுதியாக வந்தன.

விண்டோஸில் 'கேரக்டர் மேப்' செயலியைத் திறந்து, எழுத்துருவை 'நிர்மலா யூஐ' என்று மாற்றி, தமிழ்ப் பகுதிக்கு இறங்கி வந்தால் இவற்றைக் காணலாம். இவை நம் பாட்டன்மார் நாள்தோறும் எழுதிய குறிகள். ஓலைச்சுவடியையோ பழைய பத்திரத்தையோ கணினியில் ஏற்றுகிறவர்கள் தயவுசெய்து இவற்றைச் சொற்களாக விரித்துவிடாமல் குறியாகவே பதிவு செய்யுங்கள்.

நான் அனுப்பிய குறி மற்றவர் கணினியில் வெறும் கட்டமாகத் தெரிகிறது. என்ன செய்வது?

எண் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அந்த எண்ணுக்கு உரிய உருவம் அவருடைய எழுத்துருவில் இல்லை. ₹ குறி 2010 ஜூலையில் ஏற்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடில் சேர்ந்தது. அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அது இருக்காது. அவரை எழுத்துருவை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள்.

அடிக்கடி பயன்படுத்தும் குறிகளுக்குச் சொந்தமாகக் குறுக்குவழி அமைக்கலாமா?

அவசியம் அமையுங்கள். ஒருவருக்கு உண்மையில் தேவைப்படுபவை ஐந்தாறு குறிகளுக்கு மேல் இருக்காது. வேர்டின் தானியங்கித் திருத்தப் பட்டியலில், நீங்கள் வேறெங்கும் அடிக்க வாய்ப்பில்லாத ஒரு சுருக்கத்தை இட்டு, அதற்கு எதிரே குறியை வைத்துவிடலாம். மேக்கில் விசைப்பலகை அமைப்புகளுக்குள் உள்ள உரை மாற்றீடு இதே வேலையைச் செய்யும்.

விண்டோஸில் அதிகம் பேர் கவனிக்காத வசதி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் விசையுடன் 'வி' அழுத்தினால், நீங்கள் நகலெடுத்தவற்றின் பட்டியல் திறக்கும். முதல் முறை அதை இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதில் உங்கள் குறிகளைப் 'பின்' செய்து வைத்துக்கொண்டால், கணினியை அணைத்துப் போட்டாலும் அவை போகாது.

ஒரு குறியின் விசையே உடைந்துவிட்டது. புதுப் பலகை மாற்றும்வரை என்ன செய்வது?

விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஓ மூன்றையும் அழுத்தினால் திரையிலேயே ஒரு விசைப்பலகை வரும். எண் பகுதி உள்ளவர்கள் ஆல்ட்டுடன் 64 அடித்து @ பெறலாம். # குறிக்கு 35, \ குறிக்கு 92, | குறிக்கு 124, ~ குறிக்கு 126. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பைக் கொண்டு, பயன்படுத்தாத வேறொரு விசைக்கு அந்த வேலையை மாற்றிவிடவும் முடியும்.

கடவுச்சொல்லிலும் கோப்புப் பெயரிலும் எந்தக் குறியையும் போடலாமா?

கோப்புப் பெயரில் \ / : * ? " < > | ஆகிய ஒன்பதையும் விண்டோஸ் ஏற்காது. தேதியைச் சாய்கோடு போட்டு எழுதிப் பெயர் வைக்க முயன்று பலர் இதில்தான் தடுக்கி நிற்கிறார்கள். சிறுகோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லில் விசைப்பலகையில் நேரடியாக உள்ள குறிகளை மட்டும் வையுங்கள். ஆல்ட் எண் கொண்டு அடித்த குறியை வைத்துவிட்டால், எண் பகுதி இல்லாத கணினியிலோ கைப்பேசியிலோ உள்ளே நுழைய முடியாமல் போகும். @, #, " மூன்றும் அமைப்புக்கு அமைப்பு இடம் மாறுபவை. எனவே புதிய கணினியில் கடவுச்சொல் தவறு என்று வந்தால், கண் உருவத்தைச் சொடுக்கி, அடித்தது உண்மையில் என்னவாக விழுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.